மாடிக்கு ஒரு மீட்டர்

மின்சார வாரியத்தை ஒரு தடவையாவது ஜெயித்துக் காட்டுவது என்று கமலக்கண்ணன் முடிவு செய்தார்.

அதற்கு முன்னால் அவர் யாரையும் ஜெயித்ததில்லை. பட்டு நூல்காரன் அவரை ஜெயித்திருக்கிறான். ஜரிகைக்காரன் ஜெயித்திருக்கிறான். அவருக்கு வீடு கட்டிய மேஸ்திரி ஜெயித்து, அந்த ஜோரில் தன் வீட்டுக்கும் ஒரு மாடி எடுத்துக்கொண்டான். மனைவி ஜெயப்ரியா ஜெயிப்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. தினம் பொழுது விடிவதை யாராவது செய்தி என்று சொல்வார்களா?

ஆரணியில் நாலைந்து தறிக்காரர்களுக்குப் பாவும் நூலும் கொடுத்து, நெய்து வந்த பட்டுப்புடவையைக் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, வந்தவாசி ரோட்டுப் பக்கம் இப்போதுதான் சொந்தமாக ஒன்று கட்டியிருந்தார். கீழே முழு வீடு. மேலே மொட்டைமாடியில் ஒற்றை அறை, வெளியிலிருந்தே ஏற ஒரு படிக்கட்டு. புடவைக் கட்டுகளை வைக்கவும், மத்தியானம் அவற்றின் பக்கத்தில் படுத்துத் தூங்கவும் அந்த அறை. மனை ஜெயப்ரியா பேரில், மாமனார் கொடுத்தது. அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லாமலேயே அவருக்கு ஞாபகம் இருந்தது.

பால் காய்ச்சிக் குடி வந்தாயிற்று. ஆனால் வீட்டுக்கு நிரந்தரக் கரண்ட் வரவில்லை. கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ரேட் தனி, ரொம்பத் தனி. மீட்டரில் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும்போதெல்லாம் கமலக்கண்ணன் எழுந்து போய் ஒரு லைட்டை அணைப்பார். ராத்திரி எழுந்தாலும் லைட் போடாமல் இருட்டில் தடவிக்கொண்டே போய் இரண்டு தடவை கதவில் இடித்துக்கொண்டார்.

“புது கனெக்‌ஷன் வாங்கும்போது மூணு ஃபேஸாவே வாங்கிடுங்க,” என்றாள் ஜெயப்ரியா.

“மூணு ஃபேஸா? இது வூடா, ரைஸ் மில்லா?”

“வாடகை வூட்ல பட்ட பாடு போதும். சாயங்காலம் ஆனா வோல்டேஜ் இல்ல. கிரைண்டர் முனகிகினு நிக்கும். மோட்டார் போட்டா ஃபேன் படுத்துடும். ஃபேன் படுத்தா நீங்க கத்துவீங்க.”

“லோடு ஏற ஏற ஃபீஸும் ஏறும், தெரியுமா?”

“ஏறட்டும். ஒரு தடவை கட்டுறதுதான?”

“அந்தக் காலத்துல கையாலதான் மாவாட்டுனாங்க. நல்லா இருந்தாங்க.”

“அப்ப நீங்க ஆட்டுங்க. நானும் எத்தினி வருஷமா கேக்குறேன், ஞாயித்துக்கிழமை ஒரு நாளு அடுப்ப நீங்க பாத்துக்கோங்கன்னு. எனக்கு ஒரு நாள் லீவு வோணாமா?”

உடனே கமலக்கண்ணன் தன்னிடமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். “எனக்கு அடுப்பு பத்த வெக்கத் தெரியாதேம்மா.”

கல்யாணமான நாளிலிருந்து அவரைக் காப்பாற்றி வருவது அந்த ஒரு ‘தெரியாது’தான். உப்பு எங்கே இருக்கிறது? தெரியாது. குக்கரை எப்படித் திறப்பது? தெரியாது. சில ஆண்கள் சொத்து சேர்ப்பார்கள். கமலக்கண்ணன் தெரியாததைச் சேர்த்து வைத்திருந்தார். அதில் ஒரு துளி குறையாமல் பார்த்துக்கொண்டார். அதனால் வேளைக்கு வேளை தட்டு முன்னால் வந்தது, அதில் சூடாகச் சோறு இருந்தது. வேறு எதற்கும் அவர் இந்த உலகத்தில் ஆசைப்பட்டதில்லை.

ஆசைப்பட வைத்தவன் ராஜவேலு. எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவன். தெரிந்த விஷயத்தைச் சுமாராகச் சொல்வான், பாதி தெரிந்ததை ரொம்பப் பிரமாதமாகச் சொல்வான்.

“ஃபீஸ் எப்டிப்பா போடுறாங்க?” என்று கேட்டார் கமலக்கண்ணன்.

“மொதல்ல சிங்கிள் ஃபேஸா, மூணு ஃபேஸான்னு பாப்பாங்கண்ணே. அப்புறம் எத்தினி கிலோவாட் கேக்குறீங்க? ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் இவ்ளோன்னு டெவலப்மென்ட் சார்ஜ். மீட்டருக்கு டெபாசிட். கம்பத்துலேர்ந்து ஒயரு மேலால வந்தா ஒரு ரேட்டு, மண்ணுக்குள்ள கேபிள் வந்தா ஒரு ரேட்டு. வூடா, கடையா, தறிக் கொட்டாயான்னு அது ஒரு பக்கம்.”

“கொறைக்க வழி?”

“கொறைக்கவே முடியாதுண்ணே. ஆனா...”

ஒரு மனுஷன் உருப்படாமல் போவது இந்த ‘ஆனா’வில்தான். கமலக்கண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஆனா, ரெண்டா வாங்கலாம்.”

“ஒண்ணுக்கே வயிறு எரியுதுன்றேன்!”

“அட, கேளுண்ணே. வூட்டு மீட்டர் ஒண்ணுக்கு நூறு யூனிட் ஃப்ரீ. ரெண்டு மீட்டர் இருந்தா? ரெண்டு சின்ன மீட்டரா வாங்கிப் போடு. கட்டுன ஃபீஸு கொஞ்ச நாள்ல திரும்பிடும். அப்புறம் ஆயுசுக்கும் லாபம். என்ன, ஒரே குடும்பத்துக்கு ரெண்டு தர மாட்டாங்க. மாடியில தனிக் குடித்தனம்னு இருக்கணும். தனி வழி, தனி அடுப்பு. படிக்கட்டு வெளியதான இருக்கு? அடுப்பு ஒண்ணு போட்டா முடிஞ்சிது. அடுப்பு ரெண்டுன்னா வூடு ரெண்டு.”

கமலக்கண்ணனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரே பாவில் மூன்று புடவை நெய்து அறுக்கிற தொழிலில் பிறந்து வளர்ந்தவர். ஒரே வீட்டில் இரண்டு வீடு அறுப்பதா கஷ்டம்? இத்தனை நாள் இது தோன்றாமல் போனதே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ராத்திரி வெந்தயக் குழம்பும் அப்பளமும். சாப்பிட்டுக்கொண்டே திட்டத்தைச் சொன்னார். ஜெயப்ரியா குறுக்கே பேசாமல் கேட்டாள். அது ஒரு கெட்ட சகுனம் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

“மேல யாரு குடித்தனம்?”

“யாராவது இருக்காங்கன்னு சொல்லிக்கலாம்.”

“யாராவதுன்னா? வர்றவங்க பேர் கேப்பாங்க. பாத்திரத்தப் பாப்பாங்க. எதிர் வூட்டு பொன்னம்மா அக்கா ஒண்ணு போதுமே. மேல ஒரு ஈ காக்கா இல்லன்னு வாசல்ல நின்னே சொல்லிடும்.”

பொன்னம்மாள் அப்படிப்பட்டவள்தான். தெருவில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று கேட்டால் சொல்வாள்.

“அப்ப என்னதான் பண்றது?”

“நெசமாவே ஒரு ஆளு மேல இருந்து, ஆக்கித் தின்னணும்.”

“அப்டி யாரு இருப்பா?”

ஜெயப்ரியா இன்னொரு அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். “நீங்கதான்.”

கமலக்கண்ணனுக்குக் குழம்பு புரையேறியது. “எனக்கு அடுப்பு பத்த வெக்கத்...”

“தெரியாது. தெரியும்ங்க எனக்கு. சும்மா காட்டுறதுக்குத்தானே? ஏமாத்துறதுன்னு எறங்கிட்டா ஒழுங்கா ஏமாத்தணும். அரைகொறையா ஏமாத்துனா பேஜார்தான்.”

“எப்ப வந்து பாப்பாங்க?”

“சொல்லிட்டா வருவாங்க?”

அதுவும் சரிதான் என்று பட்டது. நூறு யூனிட் கண் முன்னால் எரிந்துகொண்டிருந்தது. “சரி, நீயே போன்ல அப்ளை பண்ணிடு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ரெண்டு மீட்டர்.”

“சரிங்க,” என்றாள் ஜெயப்ரியா.

இந்த ‘சரிங்க’வைக் கேட்டதும் அவர் எழுந்து ஓடியிருக்க வேண்டும். பழைய மொபெட் ஒன்று சல்லிசாக வருகிறது, வாங்கப் போகிறேன் என்றபோது ‘சரிங்க’ என்றாள். அதை இன்னும் தள்ளிக்கொண்டுதான் போகிறார். உன் தம்பி அருள்மணியைக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடக் கூடாது என்றபோதும் ‘சரிங்க’ என்றாள். பால் பாத்திரத்தை அருள்மணிதான் அடுப்பில் வைத்தான். இத்தனைக்கும் பிறகு கமலக்கண்ணன் கையைக் கழுவிக்கொண்டு சந்தோஷமாகப் போய்ப் படுத்தார். விதி!

மறுநாளே மேலே குடித்தனம் ஏறியது. பழைய அடுப்பு, சின்ன சிலிண்டர், நசுங்கின பாத்திரம் நாலு, அரிசி, பருப்பு, புளி.

“உப்பு?”

“இந்தாங்க. நீங்க எங்க வெக்கிறீங்களோ அங்க இருக்கும்,” என்று சொல்லிவிட்டு ஜெயப்ரியா இறங்கிப் போனாள்.

ஆரணி அரிசி என்றால் மூட்டை மூட்டையாய் ஊர் உலகமெல்லாம் போகும். போன இடத்திலெல்லாம் சோறாகும். கமலக்கண்ணன் கையில் அது மேலே கஞ்சியாகவும் அடியில் கரியாகவும் பிரிந்து, ஒரே பானையில் இரண்டு குடித்தனம் ஆகிவிட்டது. அவர் நடுவில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டார். பருப்பு வேகவே இல்லை. புளியை அப்படியே உருண்டையாகப் போட்டால் கரைந்துவிடும் என்று நினைத்தது தப்பாகப் போயிற்று.

கீழே கருவாட்டுக் குழம்பு கொதித்தது. வாசனை படியேறி நேராக அவரிடமே வந்தது. பொறுக்க முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஜெயப்ரியா வாசற்படியிலேயே மறித்துக்கொண்டாள்.

“எங்க வர்றீங்க?”

“ஒரே ஒரு கரண்டி குழம்பு...”

“மெதுவா பேசுங்க. பொன்னம்மா அக்கா பாத்துகினே இருக்கு. ஒரே அடுப்புல சாப்ட்டா ஒரே வூடு. நீங்க சொன்னதுதான?”

கமலக்கண்ணன் திரும்பிப் படியேறினார். கண்ணில் தண்ணி வந்தது. வெங்காயம் அரிந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் வெங்காயமே அரியவில்லை.

தெரு சும்மா இருக்குமா? பொன்னம்மாள் ரோட்டில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“கமலு, என்னப்பா ஆச்சு? குடிச்சிட்டு வந்தியா?”

“நான் குடிக்கிறதே இல்லக்கா!”

“அப்ப சீட்டா?”

“இல்லக்கா.”

“வேற எங்கனா போக்குவரத்தா?”

“ஐயோ அக்கா! சும்மா கொஞ்ச நாளு தனியா இருக்கலாம்னுதான்.”

உண்மையைச் சொல்ல வழியில்லை. பொன்னம்மாள் காதில் விழுந்தால் பஸ்ஸுக்கு முன்னால் அது வந்தவாசி போய்ச் சேரும், மின்வாரியத்துக்கு எவ்வளவு நேரமாகும்? வாயை மூடிக்கொண்டார். அவர் மூடின வாயைத் தெரு தன் இஷ்டத்துக்குத் திறந்துகொண்டது. சாயங்காலத்துக்குள் அவர் குடிகாரர், சூதாடி, இன்னும் சொல்லக்கூடாத ஒன்று. புடவை கொண்டுவந்த தறிக்காரர் கூலியை எண்ணக்கூட எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு, “எல்லாம் சரியா பூடும். தங்கச்சி நல்ல பொண்ணுங்க, மனச விட்டுடாதீங்க,” என்று அவர் முதுகைத் தடவிவிட்டுப் போனார். கமலக்கண்ணனுக்கு அடுப்பில் தலையை விட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது. அது எப்போதும் போல் அணைந்து கிடந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் கீழே ஒரு கண்ணாடி போட்ட அம்மா வந்தாள். கூட ஒரு ஆள். ஜெயப்ரியா அவர்களுக்கு வீட்டையெல்லாம் சுற்றிக் காட்டினாள். அப்புறம் வாழைக்காய் பஜ்ஜியும் காபியும். கமலக்கண்ணன் கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்து எட்டிப் பார்த்தார். அந்த அம்மா தற்செயலாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஜெயப்ரியா ஏதோ சொல்ல, அந்த அம்மா சிரித்துவிட்டு வண்டியேறிப் போனாள்.

“யாரு ஜெயா அது?”

“நமக்கு வேண்டியவங்கதான். உங்களப் பாக்க வரலீங்க.”

“பஜ்ஜி மிச்சம் இருக்குதா?”

“உங்க வூட்ல எண்ணெய் இல்லையா?”

அவர் ஆய்வுக்கு ஆள் வரும் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் மேலே வரவில்லை. எப்போது வந்தாலும் அடுப்பு சூடாக இருக்க வேண்டுமே என்று மூன்று வேளையும் ஆக்கினார். கை சுட்டது. மீசை ஓரம் கருகியது. ஆனால் கமலக்கண்ணனுக்குத் தெரியாமலேயே அவருடைய கை எதையெதையோ தெரிந்துகொண்டு வந்தது. அரிசிக்கு மேலே தண்ணி எத்தனை விரல்கடை, பருப்புக்கு எத்தனை விசில், கடுகு வெடித்ததும் எதைப் போடுவது என்றெல்லாம் பழகிவிட்டது. ஒரு நாள் அவர் வைத்த ரசம் ரசமாகவே வந்துவிட்டது. குடித்துப் பார்த்துவிட்டு அவரே பயந்துபோனார்.

கீழேயிருந்து ஜெயப்ரியா குரல் கொடுத்தாள். “என்னங்க, மிளகு தட்டிப் போட்டீங்களா? வாசனை இங்க வரைக்கும் வருது!”

பாவி மனுஷன், அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ரொம்ப நாளாகப் புகழ்ச்சி கேட்காத காது. “சீரகமும் போட்டேன்! பூண்டு தோலோட நசுக்குனேன்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

“பலே,” என்றாள் ஜெயப்ரியா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் முடிவுக்கு வந்தது. காலையிலிருந்தே கீழே நாட்டுக்கோழிக் குழம்பு. மசாலா அரைக்கும்போது தாங்கினார். தாளிக்கும்போது தாங்கினார். கோழி வெந்து எண்ணெய் பிரிந்து ஒரு வாசனை வந்ததே, அதையும் கண்ணை மூடிக்கொண்டு தாங்கினார். அப்போதுதான் அருள்மணி வந்தான். கஞ்சிப் பானையோடு பாதிப் படியில் வந்து உட்கார்ந்தவருக்கு ஜன்னல் வழியாகக் கூடம் தெரிந்தது. ஃபேனுக்கு நேர் கீழே கமலக்கண்ணன் உட்காருகிற இடத்தில் அருள்மணி உட்கார்ந்தான். கமலக்கண்ணன் சாப்பிடுகிற பெரிய தட்டு அவன் முன்னால் வந்தது. அதில் கால் துண்டு விழுந்தது.

“மாமா, நல்லா இருக்கீங்களா?” என்று அவன் வாய் நிறையச் சோற்றோடு மேலே பார்த்துக் கேட்டான்.

கமலக்கண்ணனுக்குள் என்னமோ அறுந்தது. கஞ்சிப் பானையைக் கையில் தூக்கிக்கொண்டு, படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்தார்.

“ஜெயா! வோணாம்! ரெண்டு மீட்டரும் வோணாம், நூறு யூனிட்டும் வோணாம்!”

“பின்ன என்னதாங்க வோணும்?”

“ஒரே வூடு. ஒரே அடுப்பு. என் தட்டு!”

“கிரைண்டர் ஓடணுமே?”

“மூணு ஃபேஸே போட்டுக்கோ. ஆறு ஃபேஸ் இருந்தாலும் போட்டுக்கோ.”

“நான் சொல்லலீங்க. நீங்களா சொல்றீங்க.”

“நானாத்தான் சொல்றேன்!”

சத்தம் கேட்டுப் பொன்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசல் கேட்டண்டை வந்துவிட்டாள். “நல்லா இருங்கப்பா. கமலு, இனிமே குடிக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு.”

“நான் எப்பக்கா...” என்று ஆரம்பித்தார் கமலக்கண்ணன். குழம்புச் சட்டியில் கரண்டி உராயும் சத்தம் கேட்டது. அருள்மணி இரண்டாவது தடவை போட்டுக்கொண்டிருந்தான். “குடிக்க மாட்டேன்க்கா!” என்று கை தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு உள்ளே ஓடினார்.

அன்றைக்கு அவர் சாப்பிட்ட சாப்பாட்டைச் சொல்ல வார்த்தை கிடையாது. தின்றுகொண்டே அழுதார். காரம் என்று சொன்னார். இனி ஜென்மத்துக்கும் யாரையும் ஜெயிக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு, ராத்திரி தன் கட்டிலில் நிம்மதியாகப் படுத்துக் குறட்டை விட்டார்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் ஏணி சாத்தியிருந்தது. இரண்டு பேர் கம்பத்திலிருந்து ஒயர் இழுத்துச் சேர்த்து முடித்திருந்தார்கள். சுவரில் புதுசாக ஒரு பெரிய மீட்டர். பக்கத்தில் அன்றைக்கு பஜ்ஜி சாப்பிட்ட அதே கண்ணாடி அம்மா.

“நேத்துதான் சொன்னேன்! கவர்மென்ட்டு இவ்ளோ ஜல்தியா?” என்று கமலக்கண்ணன் வாயைப் பிளந்தார்.

“நேத்தா? இல்லயே சார்,” என்றாள் அவள். “நான் ஜெசி. மின்வாரியத்துல இந்த ஏரியா ஏ.இ. நீங்க குடி வந்த வாரமே உங்க மிஸஸ் மூணு ஃபேஸுக்கு அப்ளை பண்ணிட்டாங்க. நான் வந்து லோடெல்லாம் பாத்துட்டுப் போனேன், ஃபீஸும் அன்னிக்கே கட்டிட்டாங்க. புடவைக்குக் குஞ்சம் முடிஞ்சு சேத்த காசுன்னு பெருமையா சொன்னாங்க. நீங்ககூட மேலேர்ந்து எட்டிப் பாத்தீங்களே? சமையல்னா உங்களுக்கு ரொம்ப ஆசையாமே. மாடியில தனி அடுப்பு போட்டுப் பழகிகினு இருக்கீங்கன்னாங்க.”

“அப்ப... மாடிக்கு ஒரு மீட்டர்னு?”

“மாடிக்கா? ஒரே குடும்பத்துக்கு எப்டி சார் ரெண்டு குடுப்போம்?”

கமலக்கண்ணன் வீட்டுக்குள் போனார். சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. முனகல் இல்லை, திக்கல் இல்லை, ஜம்மென்று ஓடியது. பக்கத்தில் மோட்டார் ஓடியது. தலைக்கு மேலே ஃபேனும் ஓடியது. எல்லாவற்றையும் மீறி அவர் கத்த வேண்டியிருந்தது.

“அப்ப இத்தினி நாளா நான் மேல எதுக்குடி ஆக்குனேன்?”

ஜெயப்ரியா கிரைண்டரை நிறுத்தினாள். கையில் ஒட்டிய மாவை வழித்துப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமைக்குதாங்க.”

“என்ன ஞாயித்துக்கிழமை? எனக்கு அடுப்பு பத்த வெக்கத் தெரியா...”

“அந்த மிளகு ரசமே வெச்சிடுங்க. அருள்மணி வர்றேன்னு சொல்லிகினு இருக்கான்.”